உடம்பு மாறும்போது சொல்லித்தர ஆள் வேண்டும்

முலைக்காம்புக்கு அடியில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கட்டி. தொட்டால் வலிக்கிறது. பேருந்து நெரிசலில் யாருடைய முழங்கையாவது பட்டுவிட்டால் உயிர் போய்த் திரும்புகிறது. ஒரு பக்கம் பெரிதாகவும் இன்னொரு பக்கம் சிறிதாகவும் இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் எடுக்கத் தொடங்கி மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் பெரும்பாலான திருநங்கையருக்கு இது வரும். பருவம் தொடங்கும்போது பெண் குழந்தைகளுக்கு மார்பு அரும்புவதும் இப்படித்தான். இதில் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால், இதைப் புற்றுநோய் என்று நினைத்து இரவெல்லாம் அழுதவர்களை எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டு, ‘நமக்குப் பெண் உடம்பு விதிக்கவில்லை’ என்று மனதைத் தேற்றிக்கொண்டவர்களையும் தெரியும்.

ஒரு பெண் குழந்தை வயதுக்கு வரும் காலத்தில் நம் ஊரில் சொல்லித்தர ஆளுக்குப் பஞ்சமில்லை. பாட்டி உளுந்தங்களி கிண்டித் தருவார், அத்தை நல்லெண்ணெயைக் குடிக்கச் சொல்லி மிரட்டுவார், அம்மா தனியே கூப்பிட்டு நாலு விஷயம் சொல்வார். அவர்கள் சொல்வதில் சரியும் தவறும் கலந்திருக்கலாம். ஆனாலும், ‘எனக்கும் இப்படித்தான் இருந்தது’ என்று சொல்ல வீட்டில் ஒருவர் இருக்கிறார். திருநங்கைக்கு இரண்டாம் முறையாக அந்தப் பருவம் வருவது இருபதிலோ முப்பதிலோ. பெரும்பாலும் வீட்டை விட்டு வெளியேறிய பிறகு. திருநங்கையர் கூடி வாழும் குடும்பமான ஜமாத்தில் இருக்கும் அம்மாவும் அக்காக்களும்தான் சொல்லித் தருகிறார்கள். அவர்கள் இல்லையென்றால் எங்களில் பலர் இன்று உயிரோடு இருந்திருக்க மாட்டோம். ஆனால், அவர்களுக்கும் யாரும் முறையாகச் சொல்லித் தரவில்லை.

நானும் ஒரு திருநங்கைதான். எனக்கு முதன்முதலில் ஹார்மோன் எழுதித் தந்த மருத்துவர் சீட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. ‘இதைப் போடு, ஆறு மாதம் கழித்து வா’ என்றார். அந்த ஆறு மாதத்தில் என்னென்ன நடக்கும், எதற்காக உடனே ஓடிவர வேண்டும், எதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று ஒரு சொல் இல்லை. இது எனக்கு மட்டும் நேர்ந்ததென்றால் எழுதியிருக்கவே மாட்டேன். சிகிச்சை எடுத்த திருநங்கையரில் நான் பேசிய அநேகமாக எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள். முன்கூட்டித் தெரியாததால், பயப்பட வேண்டாததற்குப் பயந்து மருந்தை விடுகிறோம். உயிருக்கே ஆபத்தானதை ‘ஹார்மோன் நன்றாக வேலை செய்கிறது’ என்று பொறுத்துக்கொள்கிறோம்.

உண்மையில் என்ன நடக்கிறது? இந்தச் சிகிச்சைக்கு இரண்டு வேலை. டெஸ்டோஸ்டிரோனைக் குறைப்பது ஒன்று, ஈஸ்ட்ரோஜனைக் கூட்டுவது மற்றொன்று. முதல் மூன்று மாதத்துக்குள் மாறுவது பாலியல் விருப்பம். காலையில் தானாக ஏற்படும் விறைப்பு குறைந்து நின்றுபோகிறது. சிலருக்கு அது பெரிய விடுதலை. சிலர், கணவனோ காதலனோ என்ன நினைப்பாரோ என்று தவிக்கிறார்கள். அடுத்த சில மாதங்களில் தோல் மிருதுவாகி எண்ணெய்ப் பசை குறைகிறது. கொழுப்பு வயிற்றிலிருந்து இடுப்புக்கும் தொடைக்கும் மெல்ல இடம்பெயர்கிறது. இது முழுமையடைய இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம். இவையெல்லாம் ஓரளவுக்கு எல்லோரும் கேள்விப்பட்டவை.

கேள்விப்படாதவைதான் ஆளை உலுக்கிவிடுகின்றன. எனக்கு முதலில் மாறியது வியர்வை வாடை. துவைக்கப் போட்ட சட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தேன். இது யாருடையது என்று ஒரு கணம் குழம்பினேன். அந்த நெடி போய்விட்டிருந்தது. சிறுநீரின் வாடைகூட மாறுவதுண்டு. வியர்ப்பதே குறைந்தது. மார்கழியில் மின்விசிறியைப் போடும் ஆள், ஆடியிலேயே போர்வை தேட ஆரம்பித்தேன். தோல் மெலிந்து காய்ந்துபோனது. மேசை முனையில் இடித்துக்கொண்டால் மறுநாள் அங்கே நீலம் பாய்ந்திருக்கும். ஒரு நாள் தண்ணீர் லாரியிலிருந்து பிடித்த குடத்தைத் தூக்க முடியாமல் பாதி வழியில் இறக்கி வைத்தேன். அதே குடத்தை இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று இரண்டாக மாடிக்குத் தூக்கியவள் நான். தசையின் பருமனும் பலமும் குறைவது சிகிச்சையில் எதிர்பார்க்கப்படும் விளைவுதான் என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். மூட்டை தூக்கியும் கட்டட வேலை செய்தும் பிழைக்கும் ஒரு திருநங்கைக்கு அது வருமானப் பிரச்சினை. அதை முன்கூட்டியே சொல்லாமல் விடுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

மனசும் உடம்பின் பகுதிதான். அழுகை எளிதாக வருகிறது. பல ஆண்டுகளாக அழ முடியாமல் இறுகிக் கிடந்த சிலருக்கு அது பெரிய ஆறுதலாக அமைகிறது. அதே சமயம், வாரக்கணக்கில் தூக்கமின்மையும் எதிலும் பிடிப்பில்லாமையும் தொடர்ந்தால், அதை ‘பெண்ணாக மாறுகிறாய் அல்லவா, அப்படித்தான் இருக்கும்’ என்று தள்ளிவிடக் கூடாது. மருந்தின் அளவு சரியில்லாததாலும் அப்படி ஆகலாம். ரத்தப் பரிசோதனை செய்து பார்க்க வேண்டிய விஷயம் அது.

மாறாதவற்றையும் சொல்லியாக வேண்டும். உடைந்து கனத்துவிட்ட குரல் ஈஸ்ட்ரோஜனால் திரும்ப மென்மையாகாது. அதற்குக் குரல் பயிற்சிதான் வழி. முளைத்துவிட்ட தாடியின் வளர்ச்சி மெதுவாகலாமே தவிர மறையாது. லேசரோ மின்முறையோ வேண்டும். உயரமும் தோள் எலும்பின் அகலமும் அப்படியேதான் இருக்கும். மார்பு வளர இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும். எவ்வளவு வளரும் என்பது ஆளுக்கு ஆள் மாறுபடும். மாத்திரையைக் கூட்டிப் போட்டு வளர்க்க முடியாது. இந்த ஒரு விஷயத்தை யாரும் சொல்லாததால்தான் ‘ரெண்டு போட்டா சீக்கிரம் வரும்’ என்கிற நம்பிக்கை எங்களிடையே வேரூன்றியது.

அந்த நம்பிக்கை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதை மருந்துக்கடையில் பார்க்கலாம். திருநங்கையரில் ஏராளமானோர் சீட்டு இல்லாமல் வாங்கிச் சாப்பிடுவது கருத்தடை மாத்திரைகளை. விலை மலிவு, கேள்வி இல்லை, எந்த ஊரிலும் கிடைக்கும். மாலா-டி அட்டையில் 28 மாத்திரைகள். அதில் 21-இல்தான் ஹார்மோன் இருக்கிறது. மீதி ஏழும் வெறும் இரும்புச்சத்து. அந்த ஏழையும் சேர்த்து நாளைக்கு மூன்று, நான்கு என்று விழுங்குகிறார்கள். முகப்பருவுக்கும் சினைப்பை நீர்க்கட்டிக்கும் தரப்படும் இன்னொரு வகை மாத்திரையும் இப்படியே புழங்குகிறது. இந்த இரண்டிலும் இருப்பது எத்தினைல் ஈஸ்ட்ரடையால் என்னும் செயற்கை ஈஸ்ட்ரோஜன். கல்லீரலில் எளிதில் சிதையாமல், ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களை அது கூட்டிவிடுகிறது. நாளுக்கு ஒன்று என்ற அளவில், கருத்தடைக்காகப் பெண்களுக்குக் கணக்கிட்டுத் தரப்படும் மருந்து அது. நான்கு மடங்காக, ஆண்டுக்கணக்கில், அதுவும் புகைப்பிடிக்கும் ஒருவர் எடுத்தால் விளைவு வேறு.

இதற்கான விலையை நெதர்லாந்துத் திருநங்கையர் முன்பே கொடுத்துவிட்டார்கள். ஆம்ஸ்டர்டாம் மருத்துவர்கள் 1989-இல் வெளியிட்ட ஆய்வு, தங்களிடம் சிகிச்சை பெற்றோருக்கு ரத்த உறைவு வழக்கத்தைவிட 45 மடங்கு அதிகமாக ஏற்பட்டதாகக் கண்டது. 1997-இல் 816 பேரை ஆராய்ந்தபோது அது 20 மடங்காக இருந்தது. பெரும்பாலோர் எடுத்துக்கொண்டது எத்தினைல் ஈஸ்ட்ரடையால். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குத் தோலில் ஒட்டும் ஈஸ்ட்ரோஜன் பட்டைக்கு மாற்றியதும் ஆபத்து வெகுவாக இறங்கியது. உலகின் சிகிச்சை வழிகாட்டிகள் அந்த மருந்தைத் திருநங்கையருக்குக் கொடுக்கக் கூடாது என்று கைவிட்டு நெடுங்காலமாகிறது. உடம்பில் இயற்கையாக உள்ளதை ஒத்த ஈஸ்ட்ரடையாலைத்தான் மாத்திரை, களிம்பு, பட்டை, ஊசி என்று இப்போது தருகிறார்கள். நம் ஊர் மருந்துக்கடை மேசைக்கு அந்தப் பாடம் இன்னும் வந்துசேரவில்லை.

ஒரு கால் மட்டும் கெண்டைச்சதையில் வீங்கி, சிவந்து, வலித்தால் அது நின்றுகொண்டே வேலை செய்த அசதியாக இல்லாமல் போகலாம். திடீரென்று மூச்சு வாங்கினால், நெஞ்சு குத்தினால், இதுவரை வராத தலைவலியோடு பார்வை மங்கினால், அந்த நிமிடமே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். போனதும் ஹார்மோன் எடுப்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். மறைப்பதற்குக் காரணம் இருக்கிறது: அவசரப் பிரிவு வாசலிலேயே கேலி தொடங்கிவிடுகிறது. அதை மாற்றுவதும் மருத்துவத்தின் பொறுப்புதான்.

டெஸ்டோஸ்டிரோனைத் தடுக்கத் தரப்படும் ஸ்பைரோனோலாக்டோன் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அடிப்படையில் அது ரத்த அழுத்தத்துக்கும் இதயக் கோளாறுக்குமான மருந்து. சிறுநீரை அடிக்கடி பிரிய வைக்கும். பொட்டாசியத்தை உடம்பில் தேக்கும். பேருந்து நிலையத்திலோ வேலையிடத்திலோ எந்தக் கழிப்பறைக்குள் நுழைவது என்ற சிக்கல் ஒவ்வொரு நாளும் எங்களுக்கு உண்டு. ஆண்கள் பக்கம் போனால் அடி, பெண்கள் பக்கம் போனால் கூச்சல். இதற்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கிறார்கள் என் தோழிகள். சித்திரை வெயிலில், இந்த மருந்தோடு அப்படி இருந்தால் தலைசுற்றி விழத்தான் செய்வார்கள். விழுந்தவருக்கு அக்கம்பக்கத்தார் அன்போடு இளநீர் வெட்டித் தருவார்கள். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு ஒரு இளநீரால் ஒன்றும் ஆகாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு, ஏற்கெனவே பொட்டாசியம் ஏறி நிற்கும் நிலையில், அதுவே இதயத்துடிப்பைக் குலைத்துவிடலாம். ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் விஷயம் இது. எழுதித் தருபவர் அந்தப் பரிசோதனையைச் சொல்வதில்லை.

இன்னொரு தடுப்பு மருந்தான சைப்ரோடிரோனை நாளுக்கு 50, 100 மில்லிகிராம் என்று கொடுத்த காலம் இருந்தது. கூடுதல் அளவில் நெடுங்காலம் எடுப்பவருக்கு மூளை உறையில் கட்டி வரும் அபாயம் இருப்பதால் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல் அதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தியது. இந்தச் சிகிச்சைக்கு 10 மில்லிகிராமே போதும் என்று இப்போதைய வழிகாட்டிகள் சொல்கின்றன. பழைய சீட்டை வைத்துக்கொண்டு பழைய அளவிலேயே வாங்கிக்கொண்டிருப்பவர்கள் இந்தக் கட்டுரையோடு மருத்துவரைப் பாருங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

பரிசோதனை செய்துகொண்டாலும் குழப்பம் தீர்வதில்லை. டெஸ்டோஸ்டிரோன் குறைந்தால் ஹீமோகுளோபின் சில மாதங்களிலேயே பெண்களின் அளவுக்கு இறங்கும். அது இயல்பு. ஆனால், ஆய்வகச் சீட்டில் பாலினம் என்ற இடத்தில் ‘ஆண்’ என்று அச்சாகியிருக்கும். ஆணுக்கு 13-க்குக் கீழே போனால் ரத்தசோகை, பெண்ணுக்கு 12. 12.4 என்று வந்த சீட்டைப் பார்த்து, என் தோழிக்கு மாதக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். அவர் உடம்பில் எந்தக் குறையும் இல்லை. சீட்டில் போட்ட எண்தான் வேறொருவருக்கானது. வயதானவர்களுக்கு இதன் மறுபக்கம் இருக்கிறது. கீழே அறுவை சிகிச்சை செய்துகொண்ட பின்னும் புராஸ்டேட் சுரப்பி உடம்பிலேயே இருக்கிறது. அதற்கான ரத்தப் பரிசோதனை எண் ஹார்மோனால் மிகவும் தாழ்ந்துவிடும். ஆணுக்கான அளவுகோலில் ‘சாதாரணம்’ என்று வருவதை நம்பி இருந்துவிட முடியாது. மார்புப் புற்றுநோயையும் கவனிக்க வேண்டும். 2,260 திருநங்கையரை ஆராய்ந்த நெதர்லாந்து ஆய்வு ஒன்று 2019-இல் வெளிவந்தது. அதில் 15 பேருக்கு அந்த நோய் கண்டறியப்பட்டது. ஆண்களைவிட இது அதிகம். மற்ற பெண்களைவிடக் குறைவு. தொடக்கத்தில் வரும் வலிக்கும் கட்டியைக் கண்டு அஞ்ச வேண்டாம் என்றேன். பல ஆண்டுகள் கழித்து, வலியே இல்லாமல் ஒரு பக்கம் மட்டும் கெட்டியாக வரும் கட்டியைக் கட்டாயம் காட்ட வேண்டும். மார்பில் எதிர்பாராமல் பால் கசிந்தாலும் அப்படியே.

பால் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. நியூயார்க்கில் 30 வயதுத் திருநங்கை ஒருவர், மருத்துவர்களின் மேற்பார்வையில் ஹார்மோன்களும் பால் சுரக்க உதவும் மருந்தும் எடுத்துக்கொண்டு, தன் துணைவி பெற்ற குழந்தைக்கு ஆறு வாரம் முழுக்கத் தன் பாலையே ஊட்டினார். அந்த மருத்துவ அறிக்கை 2018-இல் வெளியானது. மருத்துவரும் நோயாளியும் உட்கார்ந்து பேசினால் இந்தச் சிகிச்சை எதுவரை போகும் என்பதற்காக அதைச் சொல்கிறேன்.

எங்கள் சமூகத்தில் நான் அதிகம் கவலைப்படுவது மூத்தவர்களைப் பற்றி. நிர்வாணம், அதாவது விரையும் ஆணுறுப்பும் நீக்கும் அறுவை, ஆகிவிட்டால் மாத்திரை தேவையில்லை என்று ஒரு தலைமுறையே நம்பியது. விரைகளை நீக்கிய பின் டெஸ்டோஸ்டிரோன் தடுப்பு மருந்துதான் தேவையில்லை. ஈஸ்ட்ரோஜன் தேவை. இரண்டு ஹார்மோனும் இல்லாத உடம்பில் எலும்பு சுண்ணாம்பை இழந்துகொண்டே போகும். திடீர் திடீரென்று உடம்பு கொதிப்பது, தூக்கம் கெடுவது, முதுகு வளைவது எல்லாவற்றுக்கும் அதுவே காரணமாக இருக்கலாம். இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன் நிர்வாணம் செய்துகொண்டு, அதன்பின் ஒரு ஹார்மோனும் எடுக்காத அம்மாக்கள் இன்று தடுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு முறிகிறது. ‘வயசாயிடுச்சு மகளே’ என்று அவர்கள் சொல்கிறார்கள். ஐம்பதுகளில் இருப்பவருக்கு அது வயது இல்லை.

இளையவர்களிடம் பேசாமல் விடுவது குழந்தைப்பேறு பற்றி. ஹார்மோன் எடுக்கத் தொடங்கியபின் விந்தணு உற்பத்தி குறையும். நிறுத்தினால் திரும்ப வரும் என்று யாருக்கும் உறுதி கொடுக்க முடியாது. பின்னால் குழந்தை வேண்டும் என்று தோன்றக்கூடும் என்றால், முதல் மாத்திரைக்கு முன்பே விந்தணுவைச் சேமிக்க வேண்டும். 2021-இன் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டமோ தம்பதியரையும் தனிப்பெண்ணையும் மட்டுமே பயனாளியாகக் கருதுகிறது. இது தனியே விவாதிக்க வேண்டிய அநீதி.

தமிழ்நாடு எங்கள் நலனில் வழிகாட்டிய மாநிலம். திருநங்கையருக்கு நல வாரியம் 2008-இல் அமைந்தது இங்கேதான், நாட்டிலேயே முதலாவதாக. அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றி அறுவை சிகிச்சை செய்யத் தொடங்கியதும் இங்கேதான். சென்னையிலும் மதுரையிலும் எங்களுக்கென்று தனிப் பிரிவுகள் வந்தன. 2021-இல் சுஷ்மா வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த உத்தரவுகளால் மருத்துவப் பாடநூல்களில் எங்களை நோயாளிகளாகவும் வக்கிரக்காரர்களாகவும் எழுதியதைத் திருத்தும் வேலை நாடு முழுவதும் தொடங்கியது. இவ்வளவும் செய்த மாநிலத்தில் அறுவை சிகிச்சை மேசைக்குக் கிடைத்த கவனம், வாழ்நாள் முழுவதும் எடுக்க வேண்டிய மாத்திரைக்குக் கிடைக்கவில்லை. அறுவை சிகிச்சை ஒரு நாள் வேலை. எண்ணிக்கை காட்ட முடியும். தூத்துக்குடியிலிருந்து ஒரு திருநங்கை ஒரு நாள் கூலியை இழந்து, மதுரைக்குப் பேருந்து ஏறி, வரிசையில் நின்று, மருந்து இல்லை என்று திரும்புவது எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

2019-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, அறுவை சிகிச்சைக்கும் ஹார்மோன் சிகிச்சைக்கும் முன்னும் பின்னும் ஆலோசனை வழங்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. ஆக, என்ன நடக்கும் என்று சொல்வது மருத்துவர் மனமிருந்தால் செய்யும் உபகாரம் இல்லை, அரசின் சட்டக் கடமை. அதை நிறைவேற்றப் புதுக் கட்டடம் தேவையில்லை. மாத்திரையோடு சேர்த்துத் தர நல்ல தமிழில் இரண்டு பக்கத் தாள் வேண்டும்: எந்த மாதத்தில் என்ன மாறும், எதற்குக் காத்திருக்கலாம், எதற்கு 108-ஐ அழைக்க வேண்டும் என்று. அதை எழுதும்போது மருத்துவர்களோடு திருநங்கையரும் உட்கார வேண்டும். வியர்வை வாடை மாறும் என்பது பாடநூலைப் படித்தவருக்குத் தோன்றாது, எங்களுக்குத் தோன்றும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அதை ஜமாத்தில் வாசித்துக் காட்ட, மாத்திரை எடுத்துத் தேர்ந்த மூத்த அக்காக்களையே பயிற்சி கொடுத்துச் சம்பளத்துக்கு அமர்த்தலாம்.

சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கிறது. ஈஸ்ட்ரடையாலும் வாழ்நாள் மாத்திரைதான். அந்தப் பையில் அதற்கும் இடம் வேண்டும். முதல் ஆண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், பிறகு ஆண்டுக்கு ஓரிரு முறையும் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன், ஈஸ்ட்ரடையால் அளவைப் பார்க்க வேண்டும்; ஸ்பைரோனோலாக்டோன் எடுப்பவருக்குப் பொட்டாசியத்தையும் பார்க்க வேண்டும். ரத்தத்தை அந்தந்த மாவட்டத்திலேயே எடுத்து, அருகிலுள்ள மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினால் போதும். திருநங்கை அங்கே போக வேண்டியதில்லை, அவருடைய ரத்தம் போனால் போதும். அதன் முடிவுச் சீட்டில் அவர் உடம்புக்குப் பொருந்தும் அளவுகோலை அச்சிட ஆய்வகங்களுக்கு ஒரு சுற்றறிக்கை போதும். அதைச் சுகாதாரத் துறை இந்த வாரமே அனுப்பலாம்.